வெளிச்சம் குறைந்த தொட்டியில் செடி வளர்த்தல்



சென்ற மாதம் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் மீன்தொட்டிச் செடிகளைப் பற்றி இருபது நிமிடம் கதைத்தேன். வரிக் கணக்கு, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று கதைக்கிற ஆள் ஏன் திடீரென்று தொட்டிக்குள் இறங்கினார் என்று சிலர் பகிடி பண்ணினார்கள். ஆனால் வரிக் கணக்கு நிகழ்ச்சிக்குக்கூட அவ்வளவு தொலைபேசி அழைப்பு வந்ததில்லை. பெரும்பாலானவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணை, கடையிலை வாங்கி வைக்கிற செடி ஒரு கிழமையிலை அழுகிப் போகுது. நாங்கள் என்ன பிழை விடுறம்?" அன்று நேரம் போதாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் தாவரவியல் படித்தவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் படித்து, இங்கே கணக்காளனாக வேலை செய்கிறவன். சொல்வதெல்லாம் பத்துக் கலன் தொட்டி ஒன்றை ஏறத்தாழ இருபது வருடமாக வைத்திருந்த பட்டறிவும், பிழை விட்ட பிறகு தேடிப் படித்ததும்தான்.

2003இல் அம்மா ஊரிலிருந்து வந்தபோது நாங்கள் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். பேஸ்மென்றில் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிலத்தோடு ஒட்டியபடி ஒரு சின்ன யன்னல், அதையும் தை மாதத்தில் பனி மூடிவிடும். அம்மாவுக்கு முழங்கால் நோ, படி ஏறி வெளியே போக மாட்டா. ஊரில் கிணற்றடியில் வாழையும் சேம்பும் கருணையும் நட்டு, விடிய எழும்பினால் முதலில் அதுகளைத்தான் பார்ப்பா. இங்கே வந்த இரண்டாவது வின்ரரில் கதைப்பதே குறைந்து போய்விட்டது. ஒரு நாள் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, "ஆறு மாசமா ஒரு பச்சை இலை காணேல்லை, தம்பி" என்றா. அவ முறைப்பாடு சொல்கிற ஆள் இல்லை. அதனால் அந்த ஒரு வசனம் என்னைச் சுட்டது.

பூச்சாடிகள் வைத்துப் பார்த்தோம். இருட்டில் மெலிந்து செத்தன. 2006 கோடையில் பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேலில் மகன் ஒரு மீன்தொட்டியைக் கண்டு அடம்பிடித்தான். இருபது அங்குல நீளம், பத்து அங்குல அகலம், மூடியில் பதினைந்து வாற் குழல் விளக்கு ஒன்று. எல்லாம் சேர்த்து எட்டு டொலர். அம்மாவின் கட்டிலுக்கு எதிரே வைத்தோம்.

முதல் மூன்று மாதத்தில் செடிக்கு மட்டும் நாற்பத்தாறு டொலர் செலவழித்தேன். கணக்கு எழுதி வைக்கும் பழக்கம் இருப்பதால் தொகை சரியாகத் தெரியும். கடையில் பார்க்க வடிவானதாகத் தேடி, சிவப்பு இலைச் செடிகளும், நுணுக்கமாகப் பிரிந்த இலை உள்ள கபோம்பாவும் வாங்கினேன். ஒரு மாதத்துக்குள் கீழ் இலைகள் கொட்டின, தண்டு பழுத்தது, தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி. விளக்குப் போதவில்லை என்று நினைத்து பதினான்கு மணித்தியாலம் எரியவிட்டேன். பாசிதான் கொழுத்தது. செடி போடும் உரம் ஒரு போத்தல் வாங்கி ஊற்றினேன். பாசி இன்னும் கொழுத்தது.

எங்கே பிழை என்று எனக்கு விளங்கியது என்னுடைய தொழில் மூலமாகத்தான். செடிக்கு வெளிச்சம்தான் வருமானம். ஒளித்தொகுப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதில் செடி தன் சாப்பாட்டைத் தானே தயாரிப்பது வெளிச்சத்தைக் கொண்டுதான். காபனீரொட்சைட்டும் உரமும் அதற்கு வேண்டிய மூலப்பொருட்கள். வருமானம் எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் மற்றச் செலவுகளும் இருக்கலாம். சிவப்பு இலைச் செடிகளும் வேகமாக வளரும் தண்டுச் செடிகளில் பலவும் பெரிய வீட்டுக்காரர். கூடிய வெளிச்சம், கூடிய காபனீரொட்சைட்டு, கூடிய உரம் எல்லாம் ஒன்றாகக் கிடைத்தால்தான் அவற்றின் குடும்பம் நடக்கும். அதில் ஒன்றை மட்டும் கூட்டினால் மிஞ்சுவதைச் செடி எடுக்க முடியாது, பாசி எடுத்துக்கொள்ளும். பாசிக்குத் தேவை மிகக் குறைவு. எதிலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே நேயர்களே, வெளிச்சம் குறைந்த தொட்டியை வெளிச்சம் கூடிய தொட்டியாக மாற்றப் பார்க்க வேண்டாம். குறைந்த வருமானத்தில் நிம்மதியாக வாழக்கூடிய செடியைத் தேடுங்கள். அப்படியானவை உண்டு. அவற்றுக்குக் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் பூட்டத் தேவையில்லை. மீன் விடும் மூச்சும், காற்றிலிருந்து தண்ணீரில் கரைவதும் காணும்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். இப்போது எல்லோரும் எல்ஈடி விளக்குத்தான் வாங்குகிறோம். சாதாரண வெள்ளை வெளிச்சம், 6500 கெல்வின் என்று எழுதியது, போதும். ஊதா, நீலம் என்று மினுங்குவது பார்ப்பவருக்குத்தான். ஒரு ரைமர் பூட்டி, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணித்தியாலம் எரியவிடுங்கள். செடிக்கு ஒழுங்கு முக்கியம், நாங்கள் நினைக்கும்போது போட்டு நிறுத்துவது கூடாது. தொட்டியின் கண்ணாடி மூடியில் படியும் வெள்ளைப் படலத்தைக் கிழமைக்கு ஒருமுறை துடையுங்கள். அந்தப் படலம் தின்கிற வெளிச்சம் கொஞ்சமல்ல. உயரமான தொட்டியைவிடத் தாழ்ந்த தொட்டி நல்லது, அடியில் இருக்கும் செடிக்கும் வெளிச்சம் எட்டும். யன்னல் வெயில் நேரே படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். இருட்டுத் தொட்டிதானே, வெயில் படட்டும் என்று யோசிப்பீர்கள். நானும் மேல்வீட்டுக்கு மாறிய பிறகு அப்படி யோசித்தேன். இரண்டு கிழமையில் கண்ணாடிக்குப் பின்னால் மீன் தெரியவில்லை.

இனிச் செடிகள். முதலாவது அனுபியாஸ். மேற்கு ஆபிரிக்காவின் நிழல் நிறைந்த ஓடைக் கரைகளில் வளர்வது. தடித்த கரும்பச்சை இலை, மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே பெரிய காரியம். இரண்டாவது ஜாவா பேர்ன் என்ற பன்னம். இரண்டையும் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பிழையைச் செய்கிறார்கள், கல்லுக்குள் புதைத்து விடுகிறார்கள். இவற்றின் இலையும் வேரும் புறப்படுவது இஞ்சி போலப் படுக்கையாக ஓடும் ஒரு தண்டிலிருந்து. அதை மூடினால் அழுகும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ பருத்தி நூலால் கட்டி விடுங்கள். நூல் உக்குவதற்கு முதல் வேர் பிடித்துவிடும். ஜாவா பேர்ன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகள் வந்தால் வருத்தம் என்று நினைத்துக் கிள்ள வேண்டாம். பெரும்பாலும் அது வித்திகள். சில இலைகளின் ஓரத்தில் குட்டிச் செடியே முளைத்துத் தொங்கும். ஜாவா மொஸ் என்ற பாசி போன்ற செடிக்கு இதுவும் தேவையில்லை, போட்ட இடத்தில் கிடக்கும்.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கடையில் "கிரிப்ட்" என்று சொல்வார்கள். முழுப் பெயர் கிரிப்டோகொரைன். நான் முதலில் வாங்கியது கிரிப்டோகொரைன் வென்ட்டியை, மண்ணிறம் கலந்த பச்சை, ஓரம் நெளிந்த இலை. 2006 கார்த்திகையில் மூன்று செடி வாங்கி நட்டேன். ஐந்தாம் நாள் இலைகள் கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கின. எட்டாம் நாள் கூழாகக் கரைந்தன. விரலால் தொட்டால் வழுக்கிக் கொண்டு வந்தது. நாற்பத்தாறு டொலருடன் இன்னும் பதினைந்து என்று எழுதிவிட்டு, மூன்றையும் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டேன்.

அம்மா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தா. "ஏன்ரா எறியிறாய்?"

"செத்துப் போச்சு அம்மா."

"இலைதானே அழுகினது. வேரைப் பாத்தனியே?"

நான் பார்க்கவில்லை. பையிலிருந்து எடுத்துக் கொண்டு வரச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவவே பார்த்தா. வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. நடுவில் சுண்டுவிரல் நுனியளவு தண்டும் உறுதியாக இருந்தது. "சேம்பு மாதிரிக் கிடக்கு. கோடையிலை இலை முழுக்கக் கருகும், கிழங்கு கிடந்தா திரும்ப வரும். நடு" என்றா.

அம்மா சொன்னது உவமைக்காக அல்ல. பிறகு நான் படித்துப் பார்த்தபோது, கிரிப்ட் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்ததேதான். சேம்பு, கருணைக்கிழங்கு, அனுபியாஸ், கிரிப்ட் எல்லாம் ஒரே வம்சம். பல்கலைக்கழகம் போன எனக்குத் தெரியாததைக் கிணற்றடியில் நின்ற மனுசி பார்த்தவுடன் சொல்லிவிட்டா.

மூன்றையும் திரும்ப நட்டோம். அம்மா தமிழ்க் கடையில் தந்த கலண்டரில் அன்றைய திகதியைச் சுற்றி வட்டம் போட்டா. பிறகு ஒவ்வொரு நாளும் விளக்கு எரிந்தவுடன் கிட்டப் போய் இருந்து பார்ப்பா. மகன் பள்ளிக்கூடத்தால் வந்ததும் "அப்பம்மா, வந்திட்டுதா?" என்பான். இருவரும் சேர்ந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக் கொண்டிருப்பார்கள். இருபத்திரண்டாம் நாள் ஒரு செடியின் நடுவில் ஊசி போல ஒரு முளை. தைப்பொங்கல் அளவில் மூன்றிலும் இலை. அந்த வின்ரர் முழுக்கக் கலண்டரில் இலைக்கணக்கு இருந்தது. என்னைவிட ஒழுங்கான கணக்கு. அவ திரும்பவும் கதைக்கத் தொடங்கினது எப்போது என்று திகதி போட எனக்குத் தெரியாது, ஆனால் அந்தக் கலண்டர்த் தாள்களை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஏன் கரைகிறது? இதற்கு இரண்டு காரணம். முதலாவது, கடைக்கு வரும் கிரிப்ட்டுகளில் பெரும்பாலானவை தண்ணீருக்கு அடியில் வளர்ந்தவை அல்ல. பண்ணைகளில் ஈரமான கண்ணாடி வீடுகளில், வேரை மட்டும் நனைய வைத்து, காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலை காற்றுக்கு அமைந்த இலை. தொட்டியில் மூழ்கியதும் அது உதவாது. செடி அதைக் கைவிட்டு, தண்ணீருக்கு ஏற்ற புதிய இலையை விடுகிறது. புதிய இலை வடிவிலும் நிறத்திலும்கூட வேறாக இருக்கும். இரண்டாவது, ஏற்கெனவே தண்ணீருக்குள் வளர்ந்த கிரிப்ட்டுக்குக்கூடத் திடீர் மாற்றம் பிடிக்காது. தொட்டி மாற்றினால், தண்ணீரின் தன்மை மாறினால், விளக்கைச் சட்டென்று கூட்டினால் இலையைக் கொட்டிவிடும். வேர் பிடித்திருந்தால் திரும்பவும் தளிர்க்கும்.

ஆகவே கரைந்த இலையை மட்டும் எடுத்து விடுங்கள், கிடந்தால் தண்ணீரைப் பழுதாக்கும். வேரைக் கிளறாதீர்கள். "இடம் பிடிக்கவில்லைப் போல" என்று மற்ற மூலைக்கு மாற்றி நடாதீர்கள். அதுதான் உண்மையாகச் செடியைக் கொல்வது. குறைந்தது நாற்பது நாள் பொறுங்கள். அதன் பிறகும் முளை இல்லை, தண்டை அமத்தினால் நசிகிறது, மணக்கிறது என்றால் எறியுங்கள்.

நிகழ்ச்சியில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா தொலைபேசியில், "தம்பி, அது எங்கட கதையெல்லோ" என்றா. நான் பதில் சொல்லாமல் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டேன். எனக்குச் செடியைப் பற்றிச் சொல்லத்தான் தெரியும்.

ஆனால் ஒன்று அன்று சொல்ல மறந்து போனேன். கிரிப்டோகொரைன் வென்ட்டியை இலங்கைக்கே உரிய செடி. இயற்கையில் வேறெங்கும் இல்லை. பெக்கெற்றியை, வோக்கரி, உந்துலாற்றா, பார்வா என்று உலகம் முழுக்க மீன் கடைகளில் விற்கும் கிரிப்ட்டுகளில் பலவும் அப்படியே. பெரும்பாலும் தீவின் ஈரவலயத்து ஆறுகளிலும் காட்டு ஓடைகளிலும் வளர்பவை. எங்களுடைய வறண்ட வடக்கின் செடி என்று சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் மூழ்கியும், தண்ணீர் வற்றினால் வெளியே நின்றும் வாழப் பழகியவை. மேலே காட்டின் நிழல். அதனால்தான் எங்கள் பேஸ்மென்ற் வெளிச்சம் அதற்குப் போதுமாயிற்று. வென்ட்டியை என்பது ஆல்பேர்ட் வென்ட் என்ற ஜேர்மன் மீன்தொட்டி ஆர்வலரின் பெயர். 1958இல் டி விற் என்ற தாவரவியலாளர் அந்தப் பெயரை வைத்தார். பார்வா பற்றி ஓர் எச்சரிக்கை: எல்லாவற்றிலும் சின்னதென்று சிறிய தொட்டிக்கு வாங்கத் தோன்றும். அது மற்றவைகளைவிடக் கூடிய வெளிச்சம் கேட்கும், இருட்டுத் தொட்டிக்கு வேண்டாம்.

கிரிப்ட் வேரால் சாப்பிடுவது. ஆகவே அடியில் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் பருமணல் அல்லது சிறுகல் வேண்டும். கடையிலிருந்து வரும்போது வேரைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிறப் பஞ்சை மெதுவாகக் கழுவி எடுத்துவிட்டு, இலை புறப்படும் குருத்து கல்லுக்கு மேலே தெரிய நடுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேருக்குப் பக்கத்தில் ஓர் உரக் குளிசையைப் புதைத்தால் காணும். தண்ணீரில் ஊற்றும் உரம் வேண்டுமானால், போத்தலில் எழுதியிருப்பதில் பாதி. அந்த அளவுகள் பெரிய வருமானக்காரருக்கு எழுதியவை.

அடுத்தது தண்ணீர். ஊரில் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள். அது குளோரினுக்குச் சரி. ரொறன்ரோ மாநகரத் தண்ணீரில் இருப்பது குளோரமின், குளோரினோடு அமோனியா சேர்ந்தது. ஒரு நாள் வைத்தாலும் போகாது. மீனின் செவுளைச் சுடும், தொட்டியில் வாழும் நல்ல பற்றீரியாவையும் கொல்லும். கடையில் விற்கும் தண்ணீர் பதப்படுத்தும் மருந்து, குளோரமினுக்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், சில துளிகளே தேவை. வேறு நகரங்களில் உள்ள நேயர்கள் தங்கள் மாநகரசபையின் தண்ணீர் அறிக்கையைப் பாருங்கள். இன்னொன்று, தை மாசிக் குழாய்த் தண்ணீர் கையை விறைக்க வைக்கும். அதை அப்படியே ஊற்றினால் மீனும் வருந்தும், கிரிப்ட்டும் கரையும். சுடுதண்ணீர் கலந்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் போதும். பேஸ்மென்றில் ஐம்பது வாற் ஹீற்றர் ஒன்று கட்டாயம், 24 அல்லது 25 பாகை.

மீனைப் பொறுத்தவரை குறைய விடுங்கள், அதுவும் செடி வேர் பிடித்த பிறகு. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் பெருகப் பல கிழமைகள் எடுக்கும். எங்கள் தொட்டியில் ஆறு நியோன் ரெற்றா மட்டும் விட்டோம். அதிலும் ஒரு பிரச்சினை வந்தது. அம்மா தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீன் போடுவா. "பாவம், வாயைத் திறக்குதுகள்." மிஞ்சிய தீன் அடியில் அழுகி, அனுபியாஸ் இலையெல்லாம் கறுப்புப் பாசி. வேண்டாம் என்று சொன்னால் மனம் நோவா. மனைவிதான் வழி கண்டுபிடித்தா. அம்மாவின் மாத்திரைப் பெட்டி போல, கிழமைக்கு ஏழு அறை உள்ள இன்னொரு பெட்டி வாங்கி, ஒவ்வோர் அறையிலும் மீனுக்கு ஒரு நாளைத் தீன் போட்டு வைத்தா. தன் மாத்திரையை விழுங்கிவிட்டு மீனுக்கும் கொடுப்பா, பெட்டி வெறுமையானால் அன்றைக்கு முடிந்தது. வயதானவர்களோ சின்னப் பிள்ளைகளோ இருக்கும் வீடுகளுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். தொட்டி வைத்த முதல் மாதங்களில் கண்ணாடியில் மண்ணிறத் தூள் போலப் படிவது வேறு, அதற்குப் பயப்பட வேண்டாம். துடைத்து விடுங்கள், தானாகக் குறையும்.

2010இல் சொந்த வீட்டுக்கு மாறினோம். தொட்டியை இறக்கி ஏற்றியதில் கிரிப்ட் எல்லாம் திரும்பவும் கரைந்தது. இந்த முறை யாரும் பதறவில்லை. அம்மா புதுக் கலண்டரில் வட்டம் போட்டா. அவ 2014இல் காலமானா. தொட்டியின் அடிக் கல்லும் செடியும் இன்றும் அதே. கண்ணாடி மட்டும் ஒருமுறை கசிந்து மாற்றினோம்.

ஒரு முக்கியமான விசயம். கிரிப்ட் நன்றாகப் பிடித்த பிறகு கல்லுக்கு அடியால் ஓடி விட்டுக் குட்டி போடும். வருடத்துக்கு ஒருமுறை கழிக்க வேண்டி வரும். கழித்ததை ஓடையிலோ ஏரியிலோ கழிவறையிலோ போடாதீர்கள். இலங்கையில் காடு அழிவதாலும் அள்ளி விற்பதாலும் கிரிப்ட்டில் சில இனங்கள் அருகிப் போகின்றன. அதே இலங்கைச் செடியான பெக்கெற்றியை, அமெரிக்காவின் ரெக்சஸ் மாநிலத்தில் சான் மார்க்கோஸ் ஆற்றில் 1990களில் புகுந்து பரவி, அந்த ஆற்றுக்கே உரிய ஒரு காட்டு நெற்செடிக்கு இடைஞ்சலாகி, அரசாங்கம் ஆள் வைத்துப் பிடுங்க வேண்டி வந்தது. இங்கே ஒன்ராறியோவில் பீற்றர்பரோவுக்கு அப்பால் உள்ள கசபோக் ஏரியில் 1991இல் கபோம்பா கண்டுபிடிக்கப்பட்டது. நான் முதலில் வாங்கிச் சாகக் கொடுத்த அதே செடிதான், ஏரிக்குள் சாக மறுக்கிறது. வேண்டாத செடியை நன்றாகக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள்.

கொடுக்க என்னிடம் இப்போது பதினாறு குட்டிகள் இருக்கின்றன. அடுத்த இரண்டு சனிக்கிழமைகளும் நிகழ்ச்சி முடிந்த பிறகு நிலையத்து வரவேற்பு மேசையில் வைத்திருப்பேன், முதலில் வருபவர்களுக்கு. ஒரு ஜாம் போத்தல் கொண்டு வாருங்கள். தண்ணீர் நிரப்பத் தேவையில்லை, நனைத்த கடதாசித் துவாய் சுற்றினால் போதும். வெளியே குளிர், ஆகவே போத்தலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போங்கள். வீட்டில் நட்டு ஐந்தாறு நாளில் இலை கரையும். அதற்காக என்னைக் கூப்பிட வேண்டாம். கலண்டரில் வட்டம் போட்டுவிட்டு, நாற்பது நாள் கழித்துக் கூப்பிடுங்கள்.